காம்பரா: வளைவுக் கூரையிலிருந்து தகரக் கூரை வரை

மலையகத்துக்கு, அதாவது இலங்கையின் தேயிலைத் தோட்ட மலைப்பகுதிக்கு, வெளியே இருக்கும் தமிழரிடம் 'காம்பரா' என்று சொல்லிப் பாருங்கள். யாழ்ப்பாணத்தவர் "அறையா?" என்பார், கொழும்பில் "ரூமா?" என்பார்கள், தமிழ்நாட்டுக்காரர் பெரும்பாலும் முழிப்பார். ஹட்டன், தலவாக்கலை, பொகவந்தலாவை, பசறை, எந்தப் பக்கத்துத் தோட்டமாக இருந்தாலும் சரி, அங்கே இந்தச் சொல்லுக்கு விளக்கமே தேவையில்லை. லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளருக்கு வரிசையாகக் கட்டிய குடியிருப்பில், ஒரு குடும்பத்துக்குக் கொடுத்திருக்கும் இடம் காம்பரா. வரிசையின் கடைசியில் இருப்பது தொங்கக் காம்பரா. தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் இடம் பிள்ளைக் காம்பரா, பேச்சில் புள்ளக் காம்பரா. லயத்துக்கே அடையாளம் இந்தக் கணக்குத்தான்: ஆறு காம்பரா லயம், பத்துக் காம்பரா லயம், இருபது காம்பரா லயம்.

இவ்வளவு இயல்பாக வாயில் வரும் சொல் எங்கிருந்து வந்தது என்று தோண்டினால் ஒரு பக்கம் ரோமாபுரி வரை போகவேண்டியிருக்கிறது, இன்னொரு பக்கம் சட்டைப்பையில் இருக்கும் போனின் கமரா வரை வரவேண்டியிருக்கிறது, நடுவில் நாவலப்பிட்டியில் நடந்த ஒரு தொழிலாளர் கூட்டத்தையும் எட்டிப் பார்க்கவேண்டியிருக்கிறது. ஒன்றொன்றாகப் பார்ப்போம்.

முதலில் பக்கத்து வீடு. சிங்களத்தில் அறைக்கு 'காமரய' என்பது அன்றாடச் சொல். லயத்து அறைகளைச் சிங்களத்தில் 'லைன் காமர' என்பார்கள். இந்தக் காமரய போர்த்துக்கேயரின் 'காமரா'விலிருந்து வந்ததா, ஒல்லாந்தரின் 'காமர்' என்பதிலிருந்து வந்ததா என்று கேட்டால் அகராதிக்காரர்கள் ஒரே பதிலைச் சொல்வதில்லை, ஆனால் இரண்டுக்குமே பொருள் அறைதான், இரண்டுமே ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்தான். போர்த்துக்கேயர் 1505 இல் இலங்கைக் கரையில் இறங்கினார்கள். அவர்கள் போன இடமெல்லாம் சொற்களையும் இறக்கிவிட்டுப் போனவர்கள். யன்னல், அலுமாரி, மேசை, விறாந்தை, குசினி என்று வீட்டுக்குள் நாம் கை வைக்கிற பாதிப் பொருள் அவர்கள் வாயிலிருந்து வந்ததுதான். இந்திக்காரர் அறையைக் 'கம்ரா' என்பதும் அதே போர்த்துக்கேயத் தொடர்பில்தான். இந்தோனேசியாவில் 'கமார்' என்பது ஒல்லாந்தர் விட்டுப்போனது.

ஆனால் காம்பரா முழுக்க முழுக்கச் சிங்களத்திலிருந்து எடுத்தது என்று முடித்துவிடவும் முடியாது. தஞ்சாவூர், கும்பகோணம் பக்கத்துப் பழைய வீடுகளில் ரேழி, கூடம், தாழ்வாரம் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனால் 'காமிரா உள்' என்று ஓர் அறையும் வரும். 'உள்' என்றாலே அறைதான், ஆக அது 'அறை அறை' என்று இரண்டு மொழியில் ஒன்றையே சொல்வது, அது போகட்டும். திருச்சி, சேலம், புதுக்கோட்டை, மதுரை, தஞ்சை என்று பல மாவட்டங்களிலிருந்து ஆள் சேர்க்கும் கங்காணிமாரோடு மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளைவரை காட்டுப் பாதையில் நடந்து வந்தவர்களில் சிலருக்காவது இந்தச் சொல் ஏற்கெனவே பழக்கமாக இருந்திருக்கும், இங்கே வந்த பிறகு சிங்களக் கிராமத்தாரும் கட்டட வேலைக்கு வந்த பாஸ்மாரும் அதே சொல்லைச் சொன்னதும் அது நிலைத்துவிட்டது என்பது என் கணிப்பு. (பாஸ் என்பதும் ஒல்லாந்தர் சொல்தான், ஆங்கிலேயரின் 'பொஸ்' கூட அதே இடத்திலிருந்து போனதுதான், ஆனால் நம்மூரில் மேசன் பாஸ் கம்பனி முதலாளி ஆகிவிடவில்லை.) கண்டி இராச்சியத்தைப் போர்த்துக்கேயராலும் பிடிக்க முடியவில்லை, ஒல்லாந்தராலும் பிடிக்க முடியவில்லை, 1815 இல் ஆங்கிலேயர் கையில்தான் விழுந்தது. ஆள்பவர் ஏறாத மலையில் அவர்கள் சொல் மட்டும் ஏறியிருக்கிறது என்றால் அதைத் தூக்கிக்கொண்டு வந்தது சாதாரண சனங்கள்தான்.

சரி, காமராவில் இல்லாத 'ப' எப்படி காம்பராவுக்குள் வந்தது? இதற்கு வாய்தான் காரணம். உதட்டை மூடி 'ம்' சொல்லிவிட்டு அதே மூச்சில் 'ர' சொல்லிப் பாருங்கள், உதடு திறக்கிற இடத்தில் கேட்காமலே ஒரு 'ப்' நுழைந்துவிடும். காமரா, காம்ரா, காம்ப்ரா, காம்பரா. வேடிக்கை என்னவென்றால் இதே வேலையைப் பல நூறு வருடத்துக்கு முன் பிரெஞ்சுக்காரரின் உதடும் செய்திருக்கிறது. லத்தீன் 'காமெரா' அவர்கள் வாயில் 'ஷாம்ப்ர' ஆனது, அதை வாங்கிய ஆங்கிலேயர் 'சேம்பர்' ஆக்கினார்கள். ஆகவே தோட்டத்துக் காம்பராவில் இருக்கும் 'ப'வை ஆங்கில சேம்பரிடமிருந்து கடன் வாங்கியது என்று நினைக்கவேண்டியதில்லை. அங்கே தானாக வந்தது போல இங்கேயும் தானாக வந்திருக்கிறது.

இப்போது மூலத்துக்குப் போவோம். கிரேக்கத்தில் 'கமாரா' என்றால் அறை அல்ல. வளைந்த கூரை, வளைவாக மூடிய எதுவும் கமாரா. கூண்டு வைத்த வண்டிக்கும் அதே சொல்லைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். ரோமர்கள் அதை எடுத்து 'காமெரா' என்று தங்கள் வளைவுக் கூரைக்குப் பெயராக வைத்தார்கள். கிறிஸ்துவுக்கு முந்திய முதலாம் நூற்றாண்டில் கட்டடக் கலை பற்றி எழுதிய விட்ருவியஸ் இந்தக் காமெராவை எப்படிக் கட்டுவது என்று ஒரு மேசன் பாஸ் சொல்லிக்கொடுப்பது போல விவரித்திருக்கிறார்: வளைந்த மரச் சட்டங்களை வரிசையாக நிறுத்து, அதில் நாணலைத் தட்டிக் கயிற்றால் கட்டு, அடியில் சாந்து பூசு, மேலே சுண்ணாம்பு பூசி மெருகேற்று. மண்டபத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால் கல் வளைவு போலத் தெரியும், உள்ளே இருப்பது நாணல். பிறகு காலப்போக்கில் கூரையின் பெயர் கூரைக்குக் கீழே இருக்கும் இடத்துக்கு வந்து, வளைவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அறை என்றால் காமெரா என்று ஆகிவிட்டது. அரசன் உறங்கும் இடம், பாப்பரசரின் கருவூலம், நீதிபதியின் தனி அறை எல்லாம் அந்தப் பெயரில்தான் நடந்தன.

இங்கே ஒரு விஷயம் என்னை நிறுத்தி வைக்கிறது. தோட்டத்தில் காம்பராவுக்கு நேர் எதிர்ச் சொல் எது? பங்களா. தோட்டத்தை நடத்தும் துரை இருப்பது பங்களா, மலை உச்சியில் காற்றோட்டமான இடத்தில், முன்னால் புல்வெளி, சுற்றிலும் பூமரங்கள், உள்ளே கணப்படுப்பு. தொழிலாளி இருப்பது காம்பரா, பள்ளத்தில், ஓடைப் பக்கத்தில். இந்த இரண்டு சொற்களின் பிறப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பங்களா என்றால் வங்காளத்து வீடு, அவ்வளவுதான். வங்காளத்தில் குடியானவர்கள் மூங்கிலாலும் வைக்கோலாலும் கட்டிய குடிசை. மழை வழிந்தோட அதன் கூரையை வில் மாதிரி வளைத்துக் கட்டுவார்கள். கிழக்கிந்தியக் கம்பனிக்காரர்கள் முதலில் தற்காலிகமாகத் தங்குவதற்கு அந்தக் குடிசை மாதிரியை எடுத்து, சுற்றி விறாந்தை வைத்து, பிறகு செங்கல்லாக்கி, ஓடு போட்டு, கடைசியில் துரைமார் மாளிகைக்கு அது பெயராகிவிட்டது. ஏழையின் வைக்கோல் குடிசையின் பெயர் மலை உச்சிக்கு ஏறியது. சக்கரவர்த்தியின் வளைவுக் கூரையின் பெயர் பத்தடிக்குப் பன்னிரண்டடி லயத்து அறைக்கு இறங்கியது. ஒரே தோட்டத்தில், கூப்பிடு தூரத்தில், இரண்டு சொல்லும் இடம் மாறி நிற்கின்றன. இதற்கு நடுவில் இருந்தவர்களுக்கும் தனித்தனிச் சொல் உண்டு. கிளாக்கர், டீமேக்கருக்குக் குவார்ட்டஸ். பெரிய கங்காணிக்கு வீடு. ஆள் எங்கே தூங்குகிறார் என்ற சொல்லை வைத்தே அவர் யார் என்று சொல்லிவிடலாம்.

லயம் என்ற சொல்லையும் இதோடு பார்த்துவிடலாம், ஏனென்றால் அது இல்லாமல் காம்பரா தனியாக நிற்பதில்லை. குதிரை கட்டும் லாயத்திலிருந்துதான் லயம் வந்தது, நம்மவர்களைக் குதிரை மாதிரி அடைத்தார்கள் என்று மேடைகளில் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். கேட்க உருக்கமாக இருக்கிறது, ஆனால் அது அப்படி இல்லை. பிரித்தானிய இந்தியாவில் படையாட்களை வரிசையாகக் கட்டிய கொட்டில்களில் தங்கவைத்தார்கள், அதற்கு 'லைன்ஸ்' என்று பெயர். கோப்பித் தோட்டக் காலத்தில் வந்த துரைமாரில் முன்னாள் இராணுவத்தார் நிறையப் பேர். ஆட்களை எங்கே வைப்பது என்று யோசித்தபோது அவர்களுக்குத் தெரிந்த வடிவம் அதுதான். லைன் லயனாகி, லயன் லயமானது. காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடம் 'பிரட்டுக் களம்', அந்தப் பிரட்டும் பரேட்தான். பட்டாளத்தின் சொற்கள் பட்டாளத்தின் கட்டடத்தோடு சேர்ந்தே வந்திருக்கின்றன. குதிரை லாயத்தை விட இந்த உண்மை ஒன்றும் குறைந்த கொடுமை இல்லை என்பதால் கதையை ஜோடிக்கவேண்டிய அவசியமும் இல்லை.

லயத்தில் இரண்டு வகை. ஒரு பக்கம் மட்டும் வாசல் இருக்கும் ஒற்றை லயம். முதுகோடு முதுகு ஒட்டி இரண்டு பக்கமும் வாசல் வைத்த இரட்டை லயம். இரட்டை லயத்தில் பின் சுவர் அடுத்த வீட்டுக்கும் பின் சுவர், ஆகவே பின்பக்கம் யன்னல் வைக்க வழியே இல்லை, இரண்டு பக்கச் சுவரும் பக்கத்துக் காம்பராக்களுடையது, மிச்சம் இருப்பது வாசல் ஒன்றுதான். வாசலுக்கு முன்னால் நீளமாக ஓடுவது இஸ்தோப்பு. இதுவும் ஒல்லாந்தர் கொடுத்ததுதான். அவர்கள் 'ஸ்தூப்' என்று வீட்டு வாசற்படி மேடையைச் சொன்னார்கள், சிங்களத்தில் இஸ்தோப்புவ ஆனது, நம் வாயில் இஸ்தோப்பு. இதே சொல் நியூயோர்க் நகரத்து வீட்டு வாசற்படிக்கும் பெயராக இருக்கிறது, அங்கே ஐரோப்பியரில் முதலில் குடியேறியவர்கள் ஒல்லாந்தர் என்பதால். அங்கே படியில் உட்கார்ந்து கதை பேசுவார்கள், இங்கேயும் அதையேதான் செய்தார்கள், ஆனால் குடும்பம் பெருகப் பெருக இஸ்தோப்பைத் தகரத்தாலும் பலகையாலும் அடைத்து அடுப்படியாக்கி, பிறகு கல்யாணமான மகனுக்கு அதிலேயே ஒரு மூலை ஒதுக்கி, கடைசியில் உட்கார்ந்து பேச இஸ்தோப்பே இல்லாமல் போன லயங்கள் நிறைய.

இப்போது கமராவுக்கு வருவோம். தமிழ்நாட்டில் கேமரா என்று எழுதுவதை இலங்கைத் தமிழில் கமரா என்று எழுதுகிறோம். காம்பராவும் கமராவும் உடன்பிறப்புகள் என்பது தெரியாமலே இரண்டையும் அவ்வளவு பக்கத்தில் வைத்து எழுதிவருகிறோம். படம் பிடிக்கும் பெட்டிக்கு ஏன் அறையின் பெயர் வந்தது? ஏனென்றால் அது உண்மையிலேயே ஓர் அறையாகத்தான் தொடங்கியது. இருட்டான அறையின் சுவரில் சின்னத் துளை ஒன்று போட்டால் வெளியே இருக்கும் காட்சி எதிர்ச் சுவரில் தலைகீழாக விழும். சுமார் ஆயிரம் வருடத்துக்கு முன் இப்னு அல் ஹைதம் என்ற அரபு அறிஞர் இதை வைத்துக் கிரகணத்தை ஆராய்ந்தார். வானியலாளர் கெப்லர் 1604 இல் இதற்குக் 'காமெரா ஒப்ஸ்குரா' என்று பெயர் வைத்தார், லத்தீனில் இருட்டறை. பிறகு அறை சுருங்கிப் பெட்டியானது, பெட்டிக்குள் இரசாயனம் பூசிய தகடு வந்தது, பெயரின் பின்பாதி உதிர்ந்து வெறும் கமரா ஆனது.

இந்தக் கெப்லரின் இருட்டறையைப் பார்க்க மலையகத்தார் எங்கேயும் போகவேண்டியதில்லை. தகரம் போட்ட லயத்துக் காம்பராவில் பகல் வேளையில் கதவைச் சாத்திவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றால் போதும். ஆணி கழன்ற துளைகள் வழியாகச் சாணி மெழுகிய தரையில் வட்ட வட்டமாக வெயில் விழுந்திருக்கும். துளையைப் பார்த்தால் அது வட்டமே இல்லை, துருப்பிடித்துக் கிழிந்து கோணல் மாணலாக இருக்கும், ஆனால் தரையில் விழுவது வட்டம். ஏனென்றால் அது துளையின் வடிவம் இல்லை, சூரியனின் படம். சூரியன் உச்சிக்கு வந்த நேரத்தில் ஒன்பதடி உயரக் கூரையிலிருந்து விழும் அந்தப் படத்தின் குறுக்களவு கிட்டத்தட்ட ஓர் அங்குலம், துளை எவ்வளவு சின்னதானாலும் அதற்குக் கீழே போகாது. வெயில் சாயச் சாய வட்டம் நீண்டு முட்டை வடிவம் ஆகும், மேகம் கடந்தால் அந்த அங்குல வட்டத்துக்குள்ளே மேகம் கடப்பதும் மங்கலாகத் தெரியும், அதுவும் எதிர்த் திசையில். 2019 டிசம்பர் 26 காலை சூரிய கிரகணம் பிடித்தபோது, வடக்கில் வளையமாகவும் மலையகத்தில் பிறையாகவும் தெரிந்த கிரகணம் அது, மழை மூட்டம் விலகிய இடங்களில் இந்த வட்டங்கள் எல்லாமே ஒரே நேரத்தில் பிறையாகியிருக்கும். அப்புறம் மழை வந்தால் அதே துளைகளுக்குக் கீழே சட்டி பானை வைக்கவேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், விஞ்ஞானத்தோடு சேர்ந்து வருவது அது.

கமரா என்றால் பொகவந்தலாவையை விட்டுவிட்டுப் பேச முடியாது. புகைப்படக் கலையின் முன்னோடிகளில் ஒருவரான ஜூலியா மார்கரட் கமரன் அங்கேதான் சென்ட் மேரிஸ் தேவாலயக் கல்லறையில் அடக்கமாகியிருக்கிறார். இங்கிலாந்தில் நாற்பத்தெட்டாவது வயதில் மகள் பரிசாகக் கொடுத்த கமராவை வைத்துப் படம் பிடிக்கத் தொடங்கி, டார்வின் முதல் டெனிசன் வரை பெரிய மனிதர்களையெல்லாம் கண்ணாடித் தகட்டில் பிடித்தவர். குடும்பத்துக்கு இங்கே கோப்பித் தோட்டங்கள் இருந்ததால் 1875 இல் கணவரோடு இலங்கைக்கு வந்தார். கணவர் வேறு யாரும் இல்லை, 1830களில் இலங்கையின் நிர்வாகத்தை மாற்றி எழுதிய கோல்புரூக் கமரன் ஆணைக்குழுவில் வரும் அதே கமரன். இங்கிருந்த தமிழரையும் சிங்களவரையும் அம்மையார் படம் பிடித்தார், எஞ்சியவை கொஞ்சம்தான். 1879 இல் டிக்கோயாவில் இறந்தார். கோப்பி இலையைப் பூஞ்சை அரிக்கத் தொடங்கிப் பத்து வருடம், தோட்டங்கள் சரிந்துகொண்டிருந்த நேரம். கமரன் என்ற குடும்பப் பெயருக்கும் கமராவுக்கும் தொடர்பு இருக்குமோ என்று யாருக்கும் தோன்றும், ஆனால் துளியும் இல்லை. அது ஸ்கொட்லாந்துப் பெயர், அங்கத்தைய மொழியில் கோணல் மூக்கு என்று பொருள்.

சொந்தம் போலத் தெரிந்து சொந்தமில்லாதது அது என்றால், சொந்தம் போலத் தெரியாமலே சொந்தமாக இருப்பது 'கொம்ரேட்'. பதினாறாம் நூற்றாண்டு ஸ்பானியப் படைவீரர்கள் ஒரே அறையில் தங்குகிற கூட்டாளியைக் 'கமராதா' என்றார்கள். காம்பராக்காரன் என்று சொன்னால் கணக்காக இருக்கும். பிரெஞ்சில் 'கமராட்', ஆங்கிலத்தில் 'கொம்ரேட்', கடைசியில் உலகமெங்கும் இடதுசாரிகளின் விளிச்சொல். தமிழில் தோழர் என்றதும் அந்த அறை மறைந்துவிட்டது.

இந்தச் சொல் மலையகத்தில் பெரிய கலவரத்தைக் கிளப்பிய நாள் 1937 ஏப்ரல் 3. மடுல்கலையில் ரெலுகாஸ் தோட்டத்துக்குச் சின்னதுரையாக, அதாவது உதவி நிர்வாகியாக, வேலை பழக வந்த மார்க் பிரேஸ்கேடில் என்ற இளைஞர், அவுஸ்திரேலியாவிலிருந்து வந்தவர், தொழிலாளரை நடத்தும் விதத்தைப் பார்த்துச் சகிக்க முடியாமல் அவர்களோடு நெருங்கிப் பழகினார், வேலை போனது, இடதுசாரி லங்கா சமசமாஜக் கட்சியில் சேர்ந்தார். நாவலப்பிட்டியில் ஆயிரக்கணக்கான தோட்டத் தொழிலாளர் கூடிய கூட்டத்தில் அக்கட்சித் தலைவர்களில் ஒருவரான என்.எம். பெரேரா அவரை வெள்ளைக்காரத் தோழர் என்று அறிமுகப்படுத்தி மேடைக்கு அழைத்தார். பங்களாவில் இருக்கவேண்டிய ஆளைக் 'காம்பராக்காரன்' என்று அழைத்த கூட்டம் அது என்று சொல்லலாம், வேர்ச்சொல்படி பார்த்தால். தோட்டத் துரைமார் கொதித்துப்போனார்கள். 48 மணி நேரத்துக்குள் நாட்டை விட்டுப் போகச்சொல்லி ஆளுநர் உத்தரவிட்டார், பிரேஸ்கேடில் தலைமறைவானார், பிடிபட்டார், உயர் நீதிமன்றம் அந்த உத்தரவு செல்லாது என்று அவரை விடுவித்தது. மூன்று வருடத்துக்குள், 1940 ஜனவரியில், முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தில் தொழிலாளி கோவிந்தன் பொலிஸ் சூட்டுக்குப் பலியானார். அந்தக் காலத்துப் போராட்டங்களைப் பற்றித் தனியாகத்தான் எழுதவேண்டும்.

சேம்பரை மட்டும் வேகமாகத் தொட்டுவிட்டுப் போகிறேன். கொழும்பில் வர்த்தக சம்மேளனம் என்று நாம் சொல்வது ஆங்கிலத்தில் சேம்பர், 1839 இல் தொடங்கியது. கொழும்புத் தேயிலை ஏலம் 1883 இல் ஆரம்பித்து, பின்னர் அந்தச் சேம்பரின் நிழலில்தான் நடந்துவந்தது, 2020 இல் கொரோனா வந்த பிறகுதான் கூவி விற்பது நின்று கணினிக்குப் போனது. காம்பராவில் இருப்பவர் பறிக்கும் கொழுந்துக்குச் சேம்பரில் இருப்பவர் விலை வைக்கிறார். பாராளுமன்றத்திலும் இரண்டு சேம்பர் இருந்தது, பிரதிநிதிகள் சபையும் செனற் சபையும், 1971 இல் செனற் ஒழிக்கப்படும்வரை. 1948 இல் மலையக மக்களின் குடியுரிமையைப் பறித்த சட்டம் இந்த இரண்டு சேம்பரையும் தாண்டி வந்ததுதான். ரஷ்யாவில் 'கமெரா' என்றால் சிறைக்கூடமும்கூட. இத்தாலியில் வேலைக்குப் போன நம்மாட்களுக்குத் தெரியும், வீட்டுச் சுவர்களில் 'கமெரா வாடகைக்கு' என்று ஒட்டியிருப்பார்கள், படம் பிடிக்கிற பெட்டி வாடகைக்கு என்று யாரும் ஏமாறவேண்டாம்.

இவ்வளவு இடங்களில் இந்தச் சொல்லைப் பின்தொடர்ந்த பிறகு ஒன்று தெளிவாகத் தெரிகிறது. எல்லா ஊரிலும் இது ஒரு பெரிய கட்டடத்தின் ஒரு பகுதியைத்தான் குறிக்கிறது. மாளிகைக்குள் அரசனின் அறை, நீதிமன்றத்துக்குள் நீதிபதியின் அறை, வீட்டுக்குள் படுக்கை அறை. ஒதுங்கி இருப்பதற்கான உள்ளிடம். ஆங்கில நீதிமன்றத்தில் வெளியாட்களை அனுப்பிவிட்டுக் கதவை மூடி நடத்தும் விசாரணைக்கு 'இன் கமரா' என்பார்கள், அந்தரங்கமாக என்று அர்த்தம். மலையகத்தில் மட்டும்தான் வீடே இல்லாமல் அறை மட்டும் தனியாக வந்து சேர்ந்தது. மூன்று தலைமுறை ஒன்றாகச் சமைத்து, சாப்பிட்டு, படித்து, பிரசவித்து, மரித்த இடத்துக்கு அறை என்று பெயர், அதுவும் உலகம் முழுக்க அந்தரங்கத்தைக் குறிக்கிற சொல்லால். நடுச்சுவர் கூரைவரை எழும்பாத லயங்களில் ஐந்தாம் காம்பராவில் இருமினால் எட்டாம் காம்பராவில் கேட்கும். புருசன் பெண்டாட்டி சண்டைக்கு மொத்த லயமும் சாட்சி.

சனங்களுக்கு இது புரியாமல் இல்லை. தங்களைப் பற்றிப் பேசும்போது "வூட்டுக்குப் போறேன்", "எங்க வூட்டுல விசேசம்" என்றுதான் சொல்வார்கள், காம்பராவுக்குப் போகிறேன் என்று யாரும் சொல்வதில்லை. காம்பரா என்பது எண்ணிக்கை வரும்போது வருகிற சொல், எத்தனை காம்பரா, எந்தக் காம்பரா, யாருக்குக் காம்பரா கிடைத்தது. தோட்ட நிர்வாகம் கொடுப்பதும் எடுப்பதும் காம்பராவைத்தான். இந்த வேறுபாடு வெறும் பேச்சு வழக்கோடு நிற்கவில்லை. வீட்டுக்கு உறுதிப் பத்திரம் இருக்கும், இலக்கம் இருக்கும், தெருப் பெயர் இருக்கும். காம்பராவுக்கு அது எதுவும் இல்லை. எத்தனையோ தலைமுறையாகக் கடிதங்கள் தோட்டக் கந்தோருக்கு வந்து அங்கே கிடந்து, பரீட்சைக்கு வரச்சொன்ன கடிதம் பரீட்சை முடிந்த பிறகு கைக்கு வந்த கதையை எந்தத் தோட்டத்திலும் கேட்கலாம். வங்கியில் கடன் கேட்டால் ஈடு வைக்க எதுவும் இல்லை. வேலைக்குப் பேர் பதிந்த ஆள் ஒருவர்கூட இல்லாமல் போனால் அந்தக் காம்பராவில் இருப்பதற்கான பிடியும் தளர்ந்துவிடும். 2014 ஒக்டோபர் 29 இல் கொஸ்லந்தை மீரியபெத்தயில் மலை சரிந்து லயங்களை மூடியது. அது ஆபத்தான இடம், அங்கே குடியிருக்க வேண்டாம் என்ற எச்சரிக்கை முன்பே இருந்தது, ஆனால் காம்பராவில் இருப்பவர் எந்த மண்ணில் வேறு வீடு கட்டிக்கொண்டு போவது?

அதனால்தான் இப்போது தோட்டங்களில் அதிகம் கேட்கிற சொல் 'தனி வீடு'. ஏழு பேர்ச் காணி, அதில் தனியாக ஒரு வீடு, கையில் உறுதி. இந்திய உதவியில் 4000 வீடுகள், அதற்கு மேல் இன்னும் 10,000 வீடுகள் என்று 2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் மோடி அறிவித்தார், அதற்கு முன்னும் பின்னும் அரசாங்கத் திட்டங்கள் பல. எவ்வளவு கட்டி முடிந்தது, உறுதி யார் யார் கைக்கு வந்தது என்பது ஒவ்வொரு தேர்தலிலும் சண்டை பிடிக்கிற விஷயம், அதற்குள் நான் போகவில்லை. ஆனால் கட்டி முடிந்த தனி வீடுகளுக்குள் போய்ப் பாருங்கள், அங்கே ரெண்டு ரூம் இருக்கிறது, ஹோல் இருக்கிறது, குசினி இருக்கிறது. காம்பரா இல்லை. வீடு வந்ததும் அறைக்கு வேறு பெயர் தேவைப்பட்டிருக்கிறது, பழைய பெயரை யாரும் கூட எடுத்துக்கொண்டு போகவில்லை. லயத்தில் மிச்சமிருப்பவர்கள் வாயில் அது அப்படியே இருக்கிறது.

பிள்ளைக் காம்பரா மட்டும் இந்தக் கணக்கில் சேராது. பல தோட்டங்களில் அதற்குப் புதிய கட்டடம் வந்துவிட்டது, சுவரில் முயலும் பூவும் வரைந்திருக்கிறார்கள், பயிற்சி பெற்ற உத்தியோகத்தர் இருக்கிறார், வாசலில் மும்மொழியில் சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்று பலகை. காலையில் அந்தப் பலகைக்குக் கீழே செருப்பைக் கழற்றிவிட்டுப் பிள்ளையை உள்ளே விடுகிற அம்மாவிடம் எங்கே போய்விட்டு வருகிறீர்கள் என்று கேட்டால், "புள்ளக் காம்பராவுல விட்டுட்டு வாறேன்" என்றுதான் சொல்லிக்கொண்டு மலைக்கு ஓடுகிறார், பிரட்டுக்கு நேரமாகிவிட்டது.